மீனுக்கு 61 நாள், நமக்கு எத்தனை?



ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கிழக்குக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது. மீன் இனம் பெருக வேண்டும் என்கிறது சர்க்கார். நியாயம்தான். அந்த நாட்களில் மீனவர் குடும்பம் சும்மாவா கிடக்கிறது? வலை சீராகிறது, படகில் விரிசல் அடைபடுகிறது, பெண்ணுக்கு வரன் பேசி முடிகிறது. 2025இல் ஆந்திர அரசு இதற்கான உதவித்தொகையை 20,000 ரூபாயாக உயர்த்தியது. வரவேற்கிறோம்.

ஆனால் அதே 2025 ஜூனில்தான் அதே அரசின் அமைச்சரவை, தொழிற்சாலைகளில் தினசரி வேலை நேர உச்சவரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக்க முடிவெடுத்தது! கடல் ஓயாவிட்டால் மீன் இல்லை என்று தெரிந்தவர்களுக்கு, மனிதன் ஓயாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும். மீன் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும். நாம் தேய்ந்தால் அடுத்த ரயிலில் இன்னொருவன் தடாவில் வந்து இறங்குவான். டிக்கெட் கொடுக்கும் எங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

முதலாளிமார் பேச்சு இருக்கட்டும். நம் வீடுகளில் என்ன பேச்சு? ஓவர்டைம் கிடைத்த மாதம் நல்ல மாதம். எட்டு மணி நேரத்தோடு விட்ட மாதம் 'டல்' மாதம். ஆறு மணிக்கு வீட்டிலிருக்கும் ஆளைப் பார்த்து, "என்ன, வேலை போயிடுச்சா?" என்று கேட்கிறோம். காண்ட்ராக்டரின் வார்த்தை நம் வாய்க்கு எப்படி வந்தது?

அந்த 'டல்' மாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள். படிக்கட்டும், இந்த மண்ணில் பிழைக்க அது வேண்டும். ஆனால் அ, ஆ யார் சொல்லித் தருவது? பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழும் அம்மாவா? ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தமிழில் நாலு வரி எழுதத் தெரிந்த பிள்ளை நம் தெருவில் இருந்தால், அந்த வீட்டில் யாரோ ஒருவருக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்திருக்கிறது என்று பொருள். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போய் வருவதால் இது நடக்காது.

ஒன்றைக் குழப்பிக் கொள்ள வேண்டாம். ஆர்டர் இல்லை என்று கேட்டுக்கு வெளியே நிறுத்துவது ஓய்வு அல்ல, பட்டினி. நாம் கேட்பது கூலி குறையாத ஓய்வு. முதல் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. நம் பெண்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டார்கள்?

இது சோம்பேறிகளின் கோரிக்கை என்பவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பி அண்ட் சி மில் தொழிலாளரின் குறைகளில் ஒன்று, மதியச் சோறு உண்ணக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது. 1974 மே மாதம் ரயில்வேயில் 20 நாள் சக்கரம் நின்றதே, அந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் 8 மணி நேர வேலை இருந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதல்வர் அறிவிக்க வேண்டி வந்தது.

வார லீவு கேட்டதற்காக யாருடைய கேட் பாஸாவது பிடுங்கப்பட்டால் தேதி, ஷிப்டு, சூப்பர்வைசர் சொன்ன வார்த்தை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். ட்யூட்டி முடிந்து பிளாட்பாரத்தில்தான் இருப்போம். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.