பாட்டியின் வீடும் எழுதாத உயிலும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள் பெரியவர்கள். 'பாட்டி வீட்டை விற்றுப் பார்' என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

சுங்கை பட்டாணியில் இருந்த என் பாட்டியின் வீட்டை 2023-ஆம் ஆண்டு விற்றோம். இரண்டு அறைகள் கொண்ட மலிவு விலை வீடுதான். ஆனால் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, பால்மரம் வெட்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்த அவருக்கு, தம் பெயரில் பட்டா உள்ள முதல் வீடு அது. எங்கள் குடும்பத்திற்கே அதுதான் முதல் சொத்து.

பாட்டி 2014-இல் காலமானார். தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். "இந்த வீடு சின்னவளுக்குத்தான்" என்று பாட்டி சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவர் சின்ன அத்தை. ஆனால் பாட்டி அதை எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. உயில் என்றாலே எமனை அழைப்பதுபோல் நம்மவர்கள் பதறுகிறார்கள்.

உயில் இல்லாத வீட்டிற்கு 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டமே உயில். அதன்படி ஐந்து பிள்ளைகளுக்கும் சம பங்கு. யார் பார்த்துக்கொண்டார் என்று சட்டம் கேட்பதில்லை. நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போட்டதில் பெரியப்பாவும் இறந்தார். அவருடைய பங்கில் மூன்றில் ஒன்று பெரியம்மாவுக்கு, மீதி அவர்களின் மூன்று பிள்ளைகளுக்கு. ஐந்து வாரிசுகள் எட்டானார்கள். நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பகிர்வு விசாரணை முடிவதற்குள் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

இதற்கிடையே கூரை ஒழுகியது. பொதுச் சொத்துக்கு யார் செலவு செய்வது? யாரும் செய்யவில்லை. விற்பதற்கு முன் நிலுவையில் கிடந்த நிலவரியும் மதிப்பீட்டு வரியும் கட்டினோம். கரையான் அரித்த கதவுகளை மாற்றினோம். சுவருக்குச் சாயம் பூசினோம். வீட்டைக் காலி செய்த அன்று அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே வீட்டுக் கடன் கட்டிய ரசீதுகள், மாதவாரியாக, ஒன்றுகூடத் தவறாமல். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி எல்லாத் தாளையும் காத்து வைத்திருந்தார். இருந்திருக்க வேண்டிய ஒரே ஒரு தாள்தான் அதில் இல்லை.

வந்த பணத்தை எல்லாரும் பிரித்துக்கொண்டார்கள். என் அப்பாவும்தான். என் இறுதியாண்டுக் கட்டணம் அதிலிருந்துதான் கட்டப்பட்டது. சின்ன அத்தை இப்போது வாடகை அறையில் இருக்கிறார். சட்டப்படி யாரும் தவறு செய்யவில்லை. இருந்தும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரைப் பார்க்கப் போகும்போது எனக்குத் தலை நிமிர்வதில்லை.

உயில் எழுதினால் பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. உயில் இறந்த பிறகுதான் செல்லும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். முஸ்லிம் அல்லாதோருக்குத் தீபகற்ப மலேசியாவில் விதி எளிதானது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருந்தால் அந்தப் பங்கு செல்லாமல் போய்விடும்.

மாணவ நண்பர்களே, நம் தாத்தா பாட்டிகள் பலருக்கு அலுவலகப் படிகள் ஏறத் தயக்கம். படித்த நாம்தான் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, "பாட்டி, இந்த வீட்டை என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டுவிட்டு வந்தோம்.