சிறுநீரகமும் ஒலிச் சோதனையும்

திம்புள்ள, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் இடுப்பு வலி என்ற சொல் கேளாத லயம் இல்லை. விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவிலே ஏறி இறங்கும் தாய்மார்க்கு இடுப்பு நோவது வியப்பன்று. ஆயினும் எல்லா இடுப்பு வலியும் சுமையினால் வந்ததாகாது. விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் வலியெடுத்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலும் உடன் சேர்ந்தால், வைத்தியர் சிறுநீரகத்தை ஐயுற்று, ஸ்கேன் எடுத்து வருமாறு துண்டு எழுதிக் கொடுக்கிறார். அந்தத் துண்டு வீட்டுக்கு வந்ததும் குடும்பமே கலங்குகிறது. அச்சோதனை எத்தகையது, அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பவற்றை இவ்வாரம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஒலியே விளக்கு

சிறுநீரகங்கள் இரண்டு. முதுகெலும்பின் இருமருங்கிலும் அவரைவிதை வடிவில் அமைந்தவை. வளர்ந்தோர்க்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முதல் 12 சென்றிமீற்றர் நீளமிருக்கும். இரத்தத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடித்தெடுத்து, அதிற் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பிக் கொடுத்து, எஞ்சிய ஒன்றிரண்டு லீற்றரையே சிறுநீராக வெளியேற்றுகின்றன.

இவற்றைத் தோலைக் கீறாமல் காண்பதற்கு ஒலி உதவுகிறது. மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். இச்சோதனைக்குப் பயன்படும் ஒலியோ வினாடிக்கு 20 முதல் 50 இலட்சம் அதிர்வுகள் கொண்டது. மலையிலே கூவினால் எதிர்மலை எதிரொலி தருவதுபோல, இவ்வொலி உடலினுள்ளே சென்று உறுப்புகளில் மோதித் திரும்புகிறது. திரும்பிய எதிரொலிகளைக் கருவி படமாக்கித் திரையிற் காட்டுகிறது.

மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கிளாஸ்கோவிலிருந்த மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955இல் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்று, உலோகத்தின் உட்குறைகளைக் கண்டறியும் ஒலிக் கருவியை உடற்கட்டிகள்மீது வைத்து ஆராய்ந்தார். அவரும் அவருடைய துணைவரும் கண்ட முடிவுகள் 1958இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின. இரும்பைச் சோதித்த கருவியே இன்று கருவிலுள்ள சிசுவையும் காட்டி நிற்கிறது. எக்ஸ்ரேயிற்போல் இதிற் கதிர்வீச்சு இல்லை. எனவே கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அஞ்சாது செய்யலாம்.

புறப்படுமுன்

சிறுநீரகத்துடன் சிறுநீர்ப்பையையும் பார்ப்பதாயின், பை நிறைந்திருத்தல் வேண்டும். சோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் நான்கு குவளை தண்ணீர் அருந்தி, சிறுநீர் கழியாது வருமாறு சொல்வார்கள். இங்கே நம் மலைநாட்டவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ வளைந்து வளைந்து செல்லும் பஸ்ஸில் நிறைந்த வயிற்றோடு பயணம் செய்வது பெருந்துன்பம். ஆகையால் தண்ணீரைப் போத்தலில் எடுத்துச் சென்று, வைத்தியசாலையை அடைந்து, முறை வரும் நேரத்தைக் கேட்டறிந்த பின் அருந்துவதே நன்று.

வயிறு முழுவதையும் பார்க்கும் சோதனையாயின், சில மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வர். நீரிழிவுக்கு மருந்து எடுப்போரும், தண்ணீரை அளவாகக் குடிக்குமாறு முன்னரே பணிக்கப்பட்டோரும், துண்டு பெறும்போதே தமக்குரிய முறையைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. தளர்வான இரு துண்டு உடை அணிந்து செல்வது பெண்களுக்கு வசதி. பழைய அறிக்கைகளையும் எடுத்துச் செல்க.

சோதனை அறையில்

கட்டிலிற் படுக்கவைத்து, வயிற்றிலும் விலாவிலும் குளிர்ந்த களி போன்ற ஒன்றைப் பூசுவார்கள். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்றிருந்தால் ஒலி உட்செல்லாது. காற்றை விலக்கவே இப்பூச்சு. பின்னர் கையடக்கமான கருவியைத் தோல்மீது அழுத்தி நகர்த்துவார்கள். மூச்சை உள்ளிழுத்து நிறுத்தச் சொல்வார்கள். ஏனெனில் மூச்சிழுக்கும்போது சிறுநீரகம் விலாவெலும்பின் மறைவிலிருந்து கீழே இறங்கும். பக்கவாட்டிலே திரும்பச் சொல்வதும் உண்டு. ஊசியில்லை, வலியில்லை. பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிலரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பையில் எவ்வளவு தங்கியிருக்கிறதென்று மீண்டும் பார்ப்பர்.

அறிக்கை சொல்வது

திரையில் நீர் கறுப்பாகத் தோன்றும். கல் வெண்மையாய் ஒளிர்ந்து, தன் பின்னே நிழல் வீழ்த்தும். சிறுநீர் செல்லும் வழி அடைபட்டிருந்தால் சிறுநீரகத்தின் உட்பகுதி விரிந்து காணப்படும். இதையே நீர்த்தேக்கம் என்பர். நெடுநாள் நோயுற்ற சிறுநீரகம் பெரும்பாலும் சுருங்கிச் சிறுத்திருக்கும். அறிக்கையில் ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லைக் கண்டதும் புற்றுநோயென்று அழுவார் உளர். வயது ஏறஏறப் பலருக்கும் வரும் எளிய நீர்க்கட்டி, பெரும்பாலும் தீங்கற்றது. அறிக்கையின் பொருளை வைத்தியரிடமே கேட்டறிக.

இனி, நாம் முதன்மையாகக் கூற வந்ததைக் கூறுவோம். இச்சோதனை சிறுநீரகத்தின் உருவத்தைக் காட்டும். அதன் உழைப்பைக் காட்டாது. தேயிலைத் தொழிற்சாலையை வெளியே நின்று பார்ப்பவனுக்குக் கட்டடம் செம்மையாயிருப்பது தெரியும். உள்ளே தூள் செம்மையாக வருகிறதா என்பது தெரியாது. அதனை அறிய, வெளிவரும் தூளையே பார்க்க வேண்டும். அதுபோலச் சிறுநீரகத்தின் உழைப்பை அறிய, இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவையும், சிறுநீரிற் புரதம் கசிகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கத் தொடங்கும் காலத்தில் ஸ்கேன் படம் குறைவின்றியே இருக்கலாம். நோயாளிக்கும் வலியோ வீக்கமோ தோன்றாது. “படத்தில் ஒன்றுமில்லை” என்று மகிழ்ந்து, இரத்தப் பரிசோதனைத் துண்டை மடித்து வைத்துவிடும் குடும்பம், காலங்கடந்தே உண்மையை அறிகிறது. சிறு கற்கள் சில ஸ்கேனுக்குத் தப்புவதும் உண்டு. ஆகையால் வலி தொடர்ந்தால் மீண்டும் காட்டுதல் வேண்டும்.

1990களிலிருந்து மதவாச்சி, பதவியா முதலிய வடமத்திய உலர்வலய ஊர்களில் விவசாயிகளை வாட்டிவரும் சிறுநீரக நோயைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பர். அதன் காரணம் இன்னும் ஐயமறத் தெளிவாகவில்லை. அங்கும் நோய் ஓசையின்றியே வளர்ந்தது என்பதே நமக்குரிய பாடம்.

நம் மலைகளின் குறை வேறு. கொழுந்து பறிக்குமிடத்திற் கழிப்பிடம் இல்லாமையால், பெண்கள் பகலெல்லாம் தண்ணீரைக் குறைத்தும் சிறுநீரை அடக்கியும் காலங்கழிக்கின்றனர். நீர்த்தொற்றுக்கும் கல்லுக்கும் இவ்வழக்கம் இடந்தருகிறது. குளிர்நாட்டிலே தாகம் தோன்றாதென்பதற்காக உடலுக்கு நீர் வேண்டாமென்பதில்லை. மலையிலே கழிப்பிடம் அமைத்தல் தோட்ட நிர்வாகங்களின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் தொழிலாளரின் உரிமை.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவலியும் வந்தாலும், சிறுநீரில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் அறவே நின்றாலும், ஸ்கேனுக்குக் குறித்த நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஒரு நாட் பேர் போய்விடுமே என்று அம்மா தயங்கினால், வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் அவரை அழைத்துச் செல்லட்டும். ஸ்கேன் துண்டோடு இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் உரிய துண்டுகளையும் மறவாது கையிலெடுத்துச் செல்லட்டும்.