பரிசல் துறையில் ஒரு குடிமையியல் வகுப்பு

ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள்? அருவி, பரிசல், மீன் வறுவல். அதோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களுடைய சமூக அறிவியல் புத்தகத்தில் உள்ள குடிமையியல் பாடம் பாதி அந்த ஆற்றங்கரையிலேயே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

குடிமையியல் என்றாலே பிள்ளைகளுக்கு மனப்பாடம்தான். அடிப்படைக் கடமைகள் எத்தனை என்றால் 11 என்று டக்கென்று சொல்வார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். 18 வயதில் ஓட்டுரிமை மட்டும் கைக்கு வந்துவிடும்.

பரிசலில் உட்கார்ந்தபடி எதிரே பாருங்கள். அந்தக் கரை கர்நாடகம். ஆற்றின் மேல்பக்கம் சற்றுத் தொலைவில் பிலிகுண்டுலு. தமிழகத்துக்கு வரும் காவிரி நீரை அங்கேதான் அளக்கிறார்கள். 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் அது தமிழகத்துக்குத் தரச் சொன்ன 192 டி.எம்.சி.யை, 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆக மாற்றியது. இரண்டு மாநிலங்கள் சண்டை போட்டாலும் முடிவைச் சட்டத்திடம் கேட்கின்றன. கூட்டாட்சி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தக் கரும்பலகையிலும் கிடைக்காது.

அடுத்தது குடிநீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் திறக்கப்பட்டது. தன் தெருக் குழாயில் அந்தத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, வராவிட்டால் யாரிடம் கேட்பது என்று தெரிந்த பிள்ளைதான் குடிமையியல் படித்த பிள்ளை.

நாட்டுப்பற்றை எப்படி ஊட்டுவது என்ற கேள்வி நமக்கு மட்டுமல்ல, அமெரிக்காவுக்கும் உண்டு. அங்கே பள்ளிகளில் கொடிக்கு உறுதிமொழி சொல்லும் வழக்கம் 1892-ல் தொடங்கியது. சொல்ல மறுத்த பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரிலும் இதே போல ஒன்று நடந்தது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது. அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது நம் உச்ச நீதிமன்றம். ஆண்டு 1986.

அப்படியானால் பற்று எப்படித்தான் வரும்? ஒகேனக்கல் போகிற வழியில், பென்னாகரம் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் இறங்கிப் பாருங்கள். சிறையில் தொழுநோய் வாங்கி வந்த சுப்பிரமணிய சிவா, ரயிலில் ஏறத் தடை விதித்தபோதும், நடந்தே ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்ட அவர் 1925-ல் அந்த ஊரிலேயே கண்மூடினார். இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்கு உறுதிமொழியின் பொருளைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். இந்த முறை பிள்ளையையும் கூட்டிப்போய் ஓரமாக உட்கார வையுங்கள். வரவு செலவைப் படிப்பதும், பக்கத்து வீட்டு அக்கா எழுந்து நின்று குழாயைப் பற்றிக் கேட்பதும் அதன் காதில் விழட்டும். பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதும் பதில் மறந்தாலும், அந்த அக்கா கேட்ட கேள்வி மறக்காது.