அகதியின் அகீதா

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளமேறிக் கல்பிட்டியில் கரையிறங்கியபோது எனக்கு 10 வயது. விரட்டிய புலிகளின் கண்ணில் நாங்கள் உளவாளிகள். புத்தளத்து மக்கள் சோறும் இடமும் தந்தார்கள். அந்தக் கடன் தீராது. ஆனாலும் சில வருடங்களில், எங்கே களவு போனாலும் விரல் முகாம் பக்கமே நீண்டது.

2017 செப்டெம்பரில் கல்கிசையில் ஐ.நா. பராமரிப்பிலிருந்த 31 றோஹிங்யர்களைப் பிக்குகள் சிலர் தலைமையிலான கும்பல் முற்றுகையிட்டது. உள்ளே 16 பேர் சிறுவர்கள். வெளியே 'பயங்கரவாதிகள்' என்ற கூச்சல். நாம் கொதித்தோம். நியாயம்தான்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் நீர்கொழும்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அகதிகள் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். பாகிஸ்தானிய அஹ்மதிகள், கிறிஸ்தவர்கள், ஆப்கானியர். தீவிரவாதத்துக்குத் தப்பி வந்தவர்களையே தீவிரவாதிகள் என்றார்கள். சிலர் பொலிஸ் நிலைய வாகனக் கொட்டிலில் படுத்தார்கள். "அவங்க காதியானிகள், நமக்கென்ன?" என்றார் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர். நானும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனேன்.

குண்டு வைத்தவர்கள் அகதிகளல்லர். இந்த மண்ணில் பிறந்தவர்கள். நம் பெயர்களைச் சுமந்தவர்கள். அந்நாட்களில் "எல்லோரையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்" என்று நாட்டிடம் மன்றாடினோம். அதே நியாயத்தை நீர்கொழும்பு அகதிக்கு நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஹிஜ்ரத்தையும் அன்ஸாரிகளையும் வருடாவருடம் மேடைகளில் பேசுகிறோம். அகதியின் அகீதாவை விசாரித்த பிறகுதான் கதவைத் திறப்போமென்றால், அந்தப் பேச்சையாவது நிறுத்திக்கொள்வோம்.