சல் ஜாயேகா பேட்டரி

பழைய ஃபிலிம் கேமராவுக்குப் பேட்டரி கேட்டால் தில்லிக் கடைகளில் கிடைக்கிற பதில் ரெண்டே வார்த்தைதான்: "சல் ஜாயேகா." அதாவது, உள்ளே நுழைஞ்சுட்டா ஓடிடுமாம். பத்து வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டறேன், பிளம்பர்லேர்ந்து வீட்டு புரோக்கர் வரைக்கும் எல்லார்கிட்டயும் இதைக் கேட்டாச்சு. கேமரா விஷயத்துல மட்டும் என்னால சும்மா இருக்க முடியலை.

சங்கதி இதுதான். 1960, 70-களில் வந்த பல கேமராக்களில் வெளிச்சம் அளக்கிற மீட்டருக்குப் பாதரசப் பேட்டரி. பிஎக்ஸ் 625 என்று பேர், 1.35 வோல்ட். சாகிற வரைக்கும் அந்த 1.35 அசையாது. மினோல்டா எஸ்ஆர்டி 101, கேனனெட் மாதிரி கேமராவில் எல்லாம் மீட்டரின் கணக்கே அதை நம்பித்தான். பாதரசம் விஷமாச்சே, அமெரிக்காவில் 1996-ல் சட்டம் போட்டே விற்பனையை நிறுத்திட்டாங்க. 'பழைய சரக்கு எங்கயாவது கிடைக்குமா'ன்னு இன்னமும் அலையற புண்ணியவான்கள், மினமாட்டாவில் பாதரசம் ஏறின மீனைத் தின்ன ஜனங்க கதையைப் படிச்சுட்டு அப்புறம் அலையட்டும்.

இப்போ அதே சைசில் கடைக்காரர் எடுத்து நீட்டறது அல்கலைன். புதுசில் 1.5 வோல்ட். 'வெறும் 0.15 தானே சார்?' மீட்டருக்கு அது வெறும் இல்லை. வெளிச்சம் அதிகம்னு நினைச்சுக்கும், அதை நம்பி நாம லென்ஸைச் சுருக்குவோம், படம் இருட்டடிக்கும். 'ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் மாத்தி வெச்சுக்கோங்க'ன்னு உபதேசம் வேற. அல்கலைன் நாளாக ஆக இறங்கிட்டே போற சமாசாரம். இன்னிக்குப் போட்ட கணக்கு மூணு மாசம் கழிச்சு எப்படி உதவும்?

எங்க ஆபீஸ் பெங்காலிப் பையன் ஒருத்தன், தாத்தாவோட மினோல்டாவில் தங்கச்சி கல்யாணத்தை எடுத்தான். ரெண்டு ரோல். மண்டபத்துக்குள்ள எடுத்தது அத்தனையும் சேறு. பேட்டரி வித்த அதே கடைக்காரர், 'மீட்டர் போச்சு, ஆயிரம் ரூபாய்க்கு நானே எடுத்துக்கறேன்'னு சொல்லியிருக்கார். எப்படி இருக்கு நியாயம்? சரியான பேட்டரி போட்டு என் டிஜிட்டல் கேமராவோட ஒப்பிட்டுப் பார்த்தோம். மீட்டர் கல்லு மாதிரி இருக்கு.

அந்தச் சரியான பேட்டரி கேமராக் கடையிலேயே இல்லைங்க, காது மிஷின் கடையில் இருக்கு. 675 நம்பர், ஜிங்க்-ஏர், சுமார் 1.4 வோல்ட், கடைசி வரைக்கும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பிஎக்ஸ் 625-ஐ விட விட்டம் சின்னது, அதனால சுத்தி ஒரு ரப்பர் வளையம் போடணும். காத்து ஓட்டையை மட்டும் அடைச்சுடாதீங்க. ஸ்டிக்கரைப் பிரிச்சு அஞ்சு நிமிஷம் விட்டு உள்ளே போடுங்க. பிரிச்சுட்டா, படம் எடுத்தாலும் எடுக்காட்டியும் ரெண்டொரு மாசத்துல செத்துடும். அந்தத் தொல்லை வேண்டாம்னா, வோல்ட்டைக் குறைக்கிற எம்ஆர்-9 அடாப்டர் வாங்கி சில்வர் ஆக்சைடு போட்டுக்கலாம். விலை கொஞ்சம் கடிக்கும்.

இதுக்கு நேர் எதிர் கோஷ்டி ஒண்ணு இருக்கு. பழைய கேமரான்னாலே 1.35 இல்லாம தொடக்கூடாதுன்னு மடி ஆசாரம் பார்க்கிறவங்க. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் மீட்டரில் பிரிட்ஜ் சர்க்யூட், வோல்ட் கொஞ்சம் கூடினாலும் அது கண்டுக்காது. யாஷிகா எலக்ட்ரோ 35-க்கு 5.6-க்குப் பதில் 6 வோல்ட் கொடுத்தாலும் ஒழுங்கா வேலை செய்யும். நிக்கான் எஃப்எம்முக்கு இந்தப் பாதரசப் பஞ்சாயத்தே கிடையாது, பட்டன் பேட்டரி ரெண்டு போதும். அங்கேயும் எல்ஆர் 44 வேண்டாம், எஸ்ஆர் 44 கேளுங்க. எல்ஆர்னா அல்கலைன், எஸ்ஆர்னா சில்வர் ஆக்சைடு. ரெண்டும் ஒரே சைஸ்ங்கறதால கடைக்காரர் 'ஏக் ஹி ஹை சாப்'ம்பார். முதுகுல இருக்கிற எழுத்தைப் படிச்சுட்டுக் காசைக் கொடுங்க.