பணியிடத்தில் யோகம்

ஓரிடத்தில் நெடுநேரம் அமர்ந்து கணினி நோக்கிப் பணி புரிவோர்க்குக் கழுத்து நோவும் கண் களைப்பும் உண்டாதல் கண்கூடு. ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியன அடங்கிய ஐந்து நிமிட யோகப் பயிற்சியைப் பணியிடங்கட்கென வகுத்த இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம், 2021ஆம் ஆண்டில் கைப்பேசிச் செயலி வாயிலாகவும் அதனைப் பரப்பியது. இது போற்றத்தக்கதே.

ஆயினும், யோகத்தின் எட்டு உறுப்புகளை விளக்கிய திருமூலர், தீயன விலக்கும் ஒழுக்கமாகிய இயமத்தை ஆசனத்திற்கு முன்னரே வைத்தார். களவின்மையும் நடுவுநிலைமையும் இயமத்தின்பாற்படும். பிறர் ஓய்வு நேரத்தைக் கவர்தலும் களவே அன்றோ? உணவு இடைவேளையைக் குறைத்து யோகம் கற்பித்தல் முறையாகாது. அவ்வைந்து நிமிடம் பணி நேரத்தினின்றே வழங்கப்படுதல் வேண்டும். பணியாளர் ஆசனம் பயில்க. அவரை ஆளும் தலைவர் இயமம் பயில்க. அப்போதே பணியிடத்தில் யோகம் நிலைபெறும்.