பூனைக்கு வலிப்பா? சாவியைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்!

வலிப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் எதைத் தேடுகிறோம்? இரும்புச் சாவியை! மனிதர்களுக்கே அதனால் பலனில்லை என்று டாக்டர்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டுப் பூனைக்கு வலிப்பு வந்தாலும் அதே கலாட்டாதான். "மூஞ்சில தண்ணி தெளி", "வாயில ஸ்பூனை வை", "கெட்டியா அமுக்கிப் பிடி" என்று ஆளுக்கொரு யோசனை!

இதில் ஒன்றுகூடத் தேவையில்லை என்பதே என் கருத்து. அந்த ஓரிரு நிமிடங்களில் நம்மால் வலிப்பை நிறுத்த முடியாது. ஆனால், நல்ல சாட்சியாக இருக்க முடியும். ஏன் தெரியுமா? டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் பூனை பெரும்பாலும் சாதாரணமாகிவிடும். வலிப்பை அவர் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் முடிவுக்கு வர வேண்டும்.

முதலில், அது வலிப்புதானா என்று கண்டுபிடிக்க வேண்டும். விழுந்து, உடம்பு விறைத்து, கால்களை உதைத்து, எச்சில் ஒழுகி, தன்னை அறியாமல் சிறுநீர் போனால் யாருக்கும் புரிந்துவிடும். பூனையிடம் சிக்கல் என்னவென்றால், பல சமயம் வலிப்பு இவ்வளவு வெளிப்படையாக வராது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடிக்கும். ஒன்றுமே இல்லாமல் வாயை மெல்லும். வெறித்துப் பார்க்கும். திடீரென்று பேயறைந்த மாதிரி ஓடிச் சுவரில் மோதும். "அதுக்கு என்னவோ குறும்பு" என்று விட்டுவிடுகிறோம். தூக்கத்தில் கால் துடிப்பது வேறு, கூப்பிட்டால் விழித்துவிடும். வலிப்பில் கூப்பிட்டால் காதில் விழாது.

சரி, என்ன செய்யலாம்? மணியைப் பாருங்கள். மின்விசிறி, விளக்கு, டி.வி. எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மாடிப்படி, கட்டில் விளிம்பு, தண்ணீர்த் தொட்டி பக்கம் இருந்தால் ஒரு துண்டைப் போட்டு மெதுவாக நகர்த்துங்கள். அதற்குமேல் தொட வேண்டாம். வாய்க்குள் விரலோ ஸ்பூனோ கூடவே கூடாது. பூனை நாக்கை விழுங்கிவிடாது. உங்கள் விரலைத்தான் கடிக்கும்! வீட்டில் ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். அது ஈவு இரக்கமில்லாத செயல் அல்ல, டாக்டருக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

வலிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பூனை தள்ளாடும், கண் தெரியாதது போல முட்டிக்கொள்ளும், உங்களையே பார்த்துச் சீறும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நன்றாகத் தெளிந்து நடக்கும்வரை பாலோ தண்ணீரோ புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ, தெளியாமலே அடுத்தது தொடங்கினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். ஒரே ஒரு முறை வந்து சட்டென்று நின்றிருந்தாலும், ஓரிரு நாளில் காட்டிவிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தில் சர்க்கரை குறைவது, மூளையில் தொற்று அல்லது கட்டி என்று காரணம் பலவாக இருக்கலாம்.

சில காரணங்கள் நம் அலமாரியிலேயே இருக்கின்றன! நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனையின் ஈரல் அதை முறிக்காது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். "மிச்சம் இருக்கே" என்று பூனைக்கு விடாதீர்கள். விட்டிருந்தால் அந்த அட்டையையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

இன்னொரு விநோதமும் உண்டு. 2015-ல் இங்கிலாந்தில் 96 பூனைகளைப் பற்றி வெளியான ஆய்வில், அலுமினியத் தாளைக் கசக்கும் சத்தம், பாத்திரத்தில் ஸ்பூன் விழும் சத்தம் போன்றவையே வலிப்பைக் கிளப்புவது தெரியவந்தது. பெரும்பாலும் வயதான பூனைகள். எந்தச் சத்தத்துக்குப் பிறகு வந்தது என்று கவனிப்பதும் சாட்சியின் வேலைதான்.

தடுப்பூசி போடாத, தெருவில் சுற்றும் பூனைக்குக் குணம் மாறி, எச்சில் ஒழுகி, வலிப்பும் வந்தால் வெறிநோயாகவும் இருக்கலாம். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் அலட்சியம் உயிருக்கே உலை.

மனிதர்களின் மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். டாக்டர் தினசரி வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், "நல்லாத்தானே இருக்கு" என்று நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும்.

"பூனைக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அது வாய் திறந்து "எனக்கு என்னவோ பண்ணுது" என்று சொல்லாது. அதற்காகச் சொல்ல நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? காலண்டரில் தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். செலவு ஒரு பேனா மை. காப்பாற்றப்போவது ஓர் உயிரை!